நிறைகோலும் பருத்திக் குண்டிகையும்

ஆசிரியரை மாற்றலாமா, கூடாதா என்னும் வினா மிகப் பழையது. ஆயினும் அது நம் வீட்டுக் கூடத்தில் வந்து அமரும் வரையில் நாம் அதனை ஒரு வினாவாகவே கருதுவதில்லை. குருவைத் தெய்வத்திற்கு அடுத்த படியில் வைத்தவர்கள் நாம் என்று மேடையில் கூறிக் கைதட்டல் பெறுவது எளிது. மாதக் கட்டணமும் மகளின் கண்ணீரும் எதிரே நிற்கும்போது, அந்த மேடைப் பேச்சு ஒரு பிடி அரிசிக்கும் உதவுவதில்லை. சென்ற ஆண்டு என் இல்லத்தில் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சியை முன்னிட்டு இவ்வினாவை நான் சற்றே ஆழ்ந்து எண்ண நேர்ந்தது. ஊரை விட்டு வந்து பிள்ளைகளை வளர்க்கும் நம் அனைவருக்கும் இது பொதுவான வினா என்பதால், அந்த எண்ணங்களை இம்மலரின் வாயிலாகப் பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

நான் மும்பையில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகப் பணியாற்றுபவன். ஆன்டாப் ஹில் குடியிருப்பில் வாழ்கின்றோம். என் மகளுக்கு இப்போது பன்னிரண்டு வயது. எட்டு வயதிலிருந்து அவள் பாலே நடனம் பயின்று வருகின்றாள். இதைப் படித்ததும் சங்கத்து அன்பர்கள் சிலர் புருவத்தை உயர்த்துவார்கள் என்பதை அறிவேன். மாட்டுங்காவில் தெருவுக்கு ஒரு பரதநாட்டிய வகுப்பு இருக்கும்போது, தமிழ்ப் பெண்ணுக்கு மேனாட்டு நடனம் எதற்கு என்று என் மாமியாரும்தான் கேட்டார். தாதர் பார்சி காலனியில், எழுபது வயதைக் கடந்த பார்சி அம்மையார் ஒருவர் பழைய கூடம் ஒன்றில் வாரம் இருமுறை பாலே கற்பிக்கின்றார். தோழி ஒருத்தியை அழைத்துவரச் சென்ற என் மகள், அக்கூடத்தின் சன்னல் வழியே பார்த்தபடி நின்றுவிட்டாள். திரும்பி வந்தபோது இதைத்தான் கற்பேன் என்றாள். விருப்பம் எங்கிருந்து பிறக்கிறது என்பதைப் பெற்றோரால் வகுத்துவிட முடியாது.

இவ்விரு கலைகளுக்கும் இடையே நாம் எண்ணுவதைவிட நெருங்கிய உறவு ஒன்று உண்டு. 1928ஆம் ஆண்டில் இதே பம்பாய் நகரில்தான் ஆனா பாவ்லோவா என்னும் ருஷ்ய நாட்டுப் பாலே மேதையின் ஆட்டத்தை ருக்மிணி தேவி கண்டார். பின்னர் ஆஸ்திரேலியாவுக்குச் சென்ற கப்பலில் இருவரும் உடன் பயணம் செய்தனர். பாவ்லோவாவின் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் ருக்மிணி தேவி பாலே பயின்றார். உம்முடைய நாட்டு நடனத்தைத் தேடிக் கற்றுக்கொள்ளும் என்று அவரைத் திருப்பி அனுப்பியவரும் பாவ்லோவாவே. 1935இல் அடையாற்றில் அவருடைய முதல் சதிர் அரங்கேற்றமும், 1936இல் கலாக்ஷேத்திரமும் அதன் பின்னர் வந்தவை.

இனி, சிக்கலுக்கு வருகிறேன். பாலே நடனத்தில் கால்விரல்களின் நுனியில் நின்று ஆடும் முறை ஒன்று உண்டு. பிரெஞ்சு மொழியில் அதனைப் ‘புவாந்த்’ என்பார்கள். நம் பிள்ளைகள் ‘பாயின்ட்’ என்கிறார்கள். 1832இல் பாரிசில் ‘லா சில்ஃபீட்’ என்னும் நடன நாடகத்தில் மரீ தாலியோனி இம்முறையில் ஆடிப் பெரும்புகழ் பெற்றார். அது முதல், விரல் நுனியில் நிற்பதே பாலே நடனமணியின் அடையாளம் என்றாகிவிட்டது. அதற்கென்று தனிக் காலணி வேண்டும். அதனுள்ளே மரக்கட்டை இருப்பதாகப் பலரும் எண்ணுகிறார்கள், அது தவறு. துணியையும் காகிதத்தையும் பசையிட்டு அடுக்கடுக்காக ஒட்டி இறுகச் செய்த ஒரு கூடுதான் விரல்களைச் சுற்றி நிற்கிறது. அடியில் தோலினாலோ அட்டையினாலோ ஆன விறைப்பான பட்டை ஒன்று உள்ளங்காலைத் தாங்குகிறது. வெளியே இளஞ்சிவப்புச் சாட்டின் துணியும், கணுக்காலில் கட்டும் நாடாக்களும். பார்ப்பதற்குப் பூவைப் போல இருக்கும் அக்காலணிக்குள் உடலின் எடை முழுவதும் சில விரல்களின் முனையில் இறங்குகிறது.

ஆகவேதான் எப்போது தொடங்குவது என்பது அங்கே பெரிய கேள்வியாக இருக்கிறது. வளரும் பிள்ளைகளின் பாத எலும்புகள் முற்றிலும் இறுகி முடிவது பதின்ம வயதின் இடைப்பகுதியிலோ அதற்குப் பின்னரோதான். நடனக் கலைஞர்களின் உடல்நலத்தை ஆராயும் மருத்துவர்கள், பொதுவாகப் பன்னிரண்டு வயதிற்கு முன் வேண்டாம் என்றும், அடிப்படைப் பயிற்சி மூன்று நான்கு ஆண்டுகளேனும் நிறைந்திருக்க வேண்டும் என்றும், வாரம் ஒரு நாள் மட்டும் வகுப்புக்கு வரும் பிள்ளைக்கு இது தேவையே இல்லை என்றும் கூறுகிறார்கள். அதே மூச்சில், வயது ஒன்றே அளவுகோல் ஆகாது. கணுக்கால், இடுப்பு, முதுகு ஆகியவற்றின் உறுதியே அளவுகோல் என்றும் சேர்த்துச் சொல்கிறார்கள். என் மகளுக்கு வயது பன்னிரண்டு. பயிற்சி நான்கு ஆண்டு. வகுப்பு வாரம் இருமுறை. கணக்கின்படி பார்த்தால் அவள் வாசற்படியில் நிற்கிறாள். உள்ளே வரலாமா என்று கேட்டபோதெல்லாம் அம்மையார் சொன்ன விடை ஒன்றே: “இன்னும் இல்லை.”

அவளோடு பயின்ற இரு தோழியர் விலகி, மேற்குப் புறநகரில் உள்ள புதிய நடனப் பள்ளி ஒன்றில் சேர்ந்தனர். இரண்டே மாதங்களில் அவர்கள் அக்காலணி அணிந்து நிற்கும் புகைப்படங்கள் எங்கள் வீட்டிற்கு வந்தன. என் மகள் அவற்றைப் பார்த்துவிட்டு உணவருந்தாமல் படுத்துக்கொண்டாள். மறுவாரம் நான் அந்தப் புதிய பள்ளிக்குச் சென்றேன். சுவர் முழுவதும் கண்ணாடி, மரத்தளம், குளிர்சாதனம். மகளைப் பற்றிச் சொன்னேன். அங்கிருந்தவர் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: “காலணி அளவு என்ன?” நான் முன்பணம் கட்டிவிட்டு வந்தேன்.

அதன்பின் நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. புதிய பள்ளியில் முதல் நாள் வகுப்பும், பழைய வகுப்பும் ஒரே மாலையில் அமைந்தன. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அம்மையாரிடம் தொலைபேசியில் தெரிவிக்கும்படி மனைவியிடம் கூறினேன். மறுநாள் காலையில் அம்மையாரே அழைத்தார். எடுத்தவள் என் மகள். காய்ச்சல் இறங்கிவிட்டதா, கஞ்சி குடித்தாயா என்று கேட்டிருக்கிறார். அவள் ஆம், ஆம் என்று சொல்லிவிட்டு, தொலைபேசியை வைத்தபின் என்னிடம் வந்து, “அப்பா, இனிமேல் மிஸ்கிட்ட நீங்களே பேசுங்க” என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. அன்று அலுவலகத்தில் எந்தக் கோப்பும் என் கண்ணில் படவில்லை.

நண்பர்களைக் கேட்டேன். மூன்று வகையான விடைகள் கிடைத்தன. அவை ஒவ்வொன்றிலும் ஓரளவு உண்மை இருப்பதால் அவற்றை ஆராய்ந்து பார்ப்பது நலம்.

முதல் நண்பர் சொன்னார்: “கட்டணம் கொடுக்கிறீர்கள். சரக்குப் பிடிக்கவில்லை என்றால் கடையை மாற்றுகிறீர்கள். இதில் பாவ புண்ணியம் எங்கே வந்தது?” ஊர் விட்டு ஊர் வந்து, எதையும் விலை கொடுத்தே பெறுகின்ற நமக்கு இவ்வாதம் இயல்பாகவே தோன்றும். ஆனால் கடைக்குச் செல்பவனுக்குத் தன் தேவை தெரியும். துவரம்பருப்பு எப்படி இருக்க வேண்டும் என்று கடைக்காரர் அவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மாணவன் நிலை அதுவன்று. எதனை எப்போது பெற வேண்டும் என்பதை அவன் இன்னும் அறியான். அறியாமையினால்தான் அவன் மாணவனாக இருக்கிறான். வேண்டும் என்று கேட்டதை வேண்டிய உடனே எடுத்துக் கொடுப்பது நல்ல வணிகமாகலாம். அதனைக் கல்வி என்று சொல்ல இயலாது.

இரண்டாம் நண்பர் இசையும் நடனமும் அறிந்தவர். “பாலசரஸ்வதி 1925இல் காஞ்சிபுரத்தில் அரங்கேறியபோது அவருக்கு வயது ஏழு. காத்திருந்தா அவர் மேதை ஆனார்?” என்றார். மறுக்க முடியாத செய்திதான். ஆயினும், பரதத்தில் ஆடுபவரின் பாதம் நிலத்தில் முழுமையாகப் பதிகிறது. அரைமண்டியில் எடை இரு கால்களிலும் பரவி இறங்குகிறது. பாலேயின் விரல்நுனி ஆட்டம் அவ்வாறன்று. மேலும், அச்சிறுமி வீணை தனம்மாளின் பேத்தி. இசை அந்த வீட்டில் காற்றைப் போல் இருந்தது. கந்தப்பப் பிள்ளையின் கண்டிப்பான பயிற்சி அதற்குமேல் சேர்ந்தது. ஆகவே ஏழு வயது என்பது அவருடைய தகுதியை நமக்குச் சொல்கிறதே தவிர, எல்லாப் பிள்ளைகளுக்கும் உரிய ஒரு வயதைச் சொல்லவில்லை. அந்த எடுத்துக்காட்டு உண்மையில் அம்மையாரின் பக்கம்தான் சாட்சி சொல்கிறது.

மூன்றாம் நண்பர் பெரியவர், பழுத்த ஆன்மிகவாதி. “குருவின் சொல்லே வேதம். கேள்வி கேட்காமல் காத்திருங்கள்” என்றார். இந்த விடைதான் எனக்கு மிகுந்த ஆறுதலை அளித்தது. அதனாலேயே இதனை மிகுதியாக ஐயுற்றேன். கேள்வி கேட்காமல் இருப்பது பணிவாகத் தோன்றினாலும், சில வேளைகளில் அது சோம்பலாகவும் இருக்கும். பிள்ளையின் உடலும் காலமும் ஆசிரியரின் உடைமை அல்ல. நடனத்திற்கு உரிய பருவம் ஒன்று உண்டு. அது கடந்தால் மீளாது. தமக்குத் தெரியாததை மறைப்பதற்காகவோ, மாணவர் கைநழுவிப் போகாமல் இருப்பதற்காகவோ “இன்னும் இல்லை” என்று சொல்லும் ஆசிரியர்களும் உலகில் இருக்கிறார்கள் அல்லவா?

நம் முன்னோர் இதனை அறிந்திருந்தார்கள். பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் ஓர் இலக்கண நூல். எழுத்தையும் சொல்லையும் பேசப் புகுமுன், அது ஆசிரியர் எப்படி இருக்க வேண்டும் என்று பேசுகிறது. நல்லாசிரியருக்கு நிலம், மலை, நிறைகோல், மலர் ஆகியவற்றை உவமையாகக் கூறுகிறது. அதோடு நின்றுவிடாமல், ஆசிரியர் ஆகத் தகாதவரையும் நான்கு பொருள்களால் சுட்டுகிறது. கழற்சிக்காய் இட்ட குடம், இட்ட முறை தவறிக் கொட்டும். மடல் சூழ்ந்த பனை, தானே விழுந்தால் அன்றி ஏறுபவருக்குக் கனி தராது. பஞ்சு அடைத்த குடுக்கையாகிய பருத்திக் குண்டிகை, சிறிது சிறிதாகப் பிடுங்கினால்தான் உள்ளிருப்பதைத் தரும். வளைந்த தென்னை, நீர் வார்த்தவரை விட்டு அடுத்த வீட்டாருக்குக் காய்க்கும். ஆசிரியரை மாணவன் எடைபோட்டுப் பார்க்கலாகாது என்பது மரபாக இருந்திருந்தால், இந்தப் பட்டியலுக்கு அங்கே இடமே இருந்திருக்காது. குருபக்தியைப் போதித்த மரபே, ஆராயும் உரிமையையும் தந்திருக்கிறது.

அப்படியானால் என் வினா இவ்வாறு சுருங்கியது: அம்மையார் நிறைகோலா, பருத்திக் குண்டிகையா? இரண்டும் உடனே எதையும் தந்துவிடுவதில்லை. நிறைகோல் எடை நிறையும் வரை தாழாது. பஞ்சுக் குடுக்கையும் எளிதில் நெகிழாது. வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு இரண்டும் “இன்னும் இல்லை” என்றே சொல்கின்றன. வேறுபாட்டை எப்படி அறிவது?

இதற்கு விடை எனக்கு நூல்களில் கிடைக்கவில்லை, அலுவலகத்தில் கிடைத்தது. ஒருவருடைய விண்ணப்பத்தை மறுத்து ஆணை பிறப்பிக்கும்போது, மறுப்பதற்கான காரணத்தை அந்த ஆணையே பேச வேண்டும் என்பது நிருவாகச் சட்டத்தில் ஒரு நெறி. “பரிசீலித்து நிராகரிக்கப்பட்டது” என்று மட்டும் எழுதினால் நீதிமன்றம் அதனை ஏற்பதில்லை. காரணம் காட்டும் மறுப்பு வேறு. காரணம் இல்லாத மறுப்பு வேறு. நிறைகோலுக்கு முள் உண்டு. எவ்வளவு குறைகிறது என்பதை அது எதிரே நிற்பவர் அனைவருக்கும் காட்டும். பருத்திக் குண்டிகைக்கு முள் இல்லை. ஆகவே செய்ய வேண்டியது காத்திருப்பதும் அன்று, ஓடுவதும் அன்று, கேட்பது. நான்கு ஆண்டுகளில் நான் ஒருமுறையேனும் “ஏன் இன்னும் இல்லை?” என்று அம்மையாரைக் கேட்டதில்லை.

ஒரு சனிக்கிழமை மாலை வகுப்பு முடிந்தபின், மனைவியையும் மகளையும் அழைத்துக்கொண்டு சென்றேன். காய்ச்சல் பொய் என்பதையும், முன்பணம் கட்டியதையும் முதலில் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்பு என் மகளை அழைத்து, ஒற்றைக் காலில் நின்று, முழங்காலை மடக்காமல் குதிகாலைத் தூக்கி இறக்கச் சொன்னார். “இருபது வரை எண்ணுங்கள். கணுக்காலைப் பார்த்துக்கொண்டே எண்ணுங்கள்” என்று என்னிடம் கூறினார். ஏழு வரை நேராக இருந்தது. எட்டில் கணுக்கால் உட்புறமாகச் சாய்ந்தது. ஒன்பதில் இடுப்பு ஒரு பக்கம் இறங்கியது. பதினொன்றில் அவள் காலை ஊன்றிவிட்டாள். மறு காலில் பதினான்கு. “தட்டையான தரையில் நிற்கும்போதே சாய்கின்ற கணுக்கால், விரல் நுனியில் ஏறினால் எங்கே சாயும்?” என்று கேட்டார். நடனம் அறியாத நானும் முள்ளைக் கண்டேன்.

அடுத்து அவர் சொன்னதுதான் நான் எதிர்பாராதது. “இருபது வந்த பிறகும் இங்கே நான் தொடங்க மாட்டேன். இது கற்காரையின் மேல் பதித்த மொசைக் தரை. அதற்குச் சற்றே நெகிழ்ந்து கொடுக்கும் மரத்தளம் வேண்டும். என்னிடம் அது இல்லை. அப்போது நானே வேறு இடத்திற்கு அனுப்புவேன். எங்கே என்று யோசித்து வைத்திருக்கிறேன்.” இதனை முன்பே சொல்லியிருக்கலாமே என்று என் மனைவி கேட்டார். “சொன்னால் அன்றைக்கே போய்விடுவீர்களோ என்று பயம்” என்று அவர் ஒளிக்காமல் விடை அளித்தார். ஆக, நிறைகோலுக்குள்ளும் சிறிது பஞ்சு இருந்தது. மனிதர்கள் நன்னூல் உவமைகளைப் போல் தனித்தனியே பிரிந்து நிற்பதில்லை.

வீடு திரும்பும் வழியில் ஃபைவ் கார்டன்ஸ் பூங்காவில் சற்று அமர்ந்தோம். அங்கே என்னை நானே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டேன். இத்தனை அவசரம் யாருடையது? மகள் தோழியரைப் பார்த்து ஏங்கினாள், உண்மை. பிள்ளைகளின் ஏக்கம் இயற்கையானது. ஆனால் முன்பணம் கட்டியவன் நான். என் மனத்தை ஆராய்ந்தபோது அங்கே ஒரு புகைப்படம் இருந்தது. அந்த இளஞ்சிவப்புக் காலணியில் மகள் நிற்கும் படத்தைத் திருநெல்வேலியில் உள்ள உறவினர்களுக்கு அனுப்ப வேண்டும். மும்பைக்குச் சென்ற இவன் பிள்ளையை எப்படி வளர்த்திருக்கிறான் என்று அவர்கள் சொல்ல வேண்டும். இருபது ஆண்டுகளாக ஒரே மேசையின் முன் அமர்ந்திருக்கும் ஒருவன், பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கால்விரல் நுனியில் ஏறி நின்று உயரமாகத் தெரிய ஆசைப்பட்டிருக்கிறான். அந்த எடையையும் சேர்த்தல்லவா அவளுடைய கணுக்கால் தாங்க வேண்டியிருந்திருக்கும்!

நம்மில் பலருக்கு இந்தச் சோதனை வேறு உருவில் வந்திருக்கும். அரங்கேற்றத்தை இந்த ஆண்டே நடத்தித் தருவதாகச் சொல்லும் நாட்டிய ஆசிரியரிடம் பிள்ளையை மாற்றியிருப்போம். வர்ணம் சொல்லித் தராமல் வரிசையிலேயே நிறுத்திவைக்கும் பாட்டு ஆசிரியர் மீது சினம் கொண்டிருப்போம். ஊரை விட்டு வந்தவர்களுக்குப் பிள்ளைகளின் கலை வெறும் கலையாக இருப்பதில்லை. நாம் எதையும் இழந்துவிடவில்லை என்பதற்குக் காட்டும் சான்றாகவும் இருக்கிறது. சான்றிதழுக்கு அவசரம் உண்டு. கற்றலுக்கு அந்த அவசரம் இல்லை.

ஆகவே ஆசிரியரை மாற்றவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. ருக்மிணி தேவி முதலில் மயிலாப்பூர் கௌரி அம்மாளிடம் பயின்றார்; பின்னர் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்றார். அதனால் யாரும் அவரை நன்றி மறந்தவர் என்று சொன்னதில்லை. கௌரி அம்மாளும் பின்னாளில் கலாக்ஷேத்திரத்தில் அபிநயம் கற்பித்தார். ஓர் ஆசிரியரிடமிருந்து மற்றொருவரிடம் செல்வது ஆறு ஓரூரைக் கடந்து அடுத்த ஊருக்குச் செல்வது போன்றது. பிழை செல்வதில் இல்லை. மறைத்துச் செல்வதில்தான் இருக்கிறது. அதிலும் அந்த மறைப்பைப் பிள்ளையின் வாயினால் சொல்ல வைப்பதில் இருக்கிறது. என் மகள் அன்று தொலைபேசியில் கற்றுக்கொண்ட பாடத்தை எந்த நடனப் பள்ளியும் அவளுக்குக் கற்பித்திருக்காது. அதைக் கற்பித்தவன் நான்.

முன்பணத்தைப் புதிய பள்ளியார் திருப்பித் தரவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. எட்டு மாதங்கள் கடந்துவிட்டன. ஒவ்வொரு நாளும் காலையில் சமையலறை வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு என் மகள் குதிகாலைத் தூக்கி இறக்குகிறாள். தோசை வார்த்துக்கொண்டே அவள் அம்மா எண்ணுகிறாள். வலக்காலில் பதினேழு, இடக்காலில் பத்தொன்பது வரை வந்திருக்கிறது. விலகிச் சென்ற தோழியரில் ஒருத்தி நன்றாகவே ஆடுகிறாள் என்று கேள்விப்படுகிறேன். மற்றவள் கணுக்கால் வலியால் சில வாரங்களாக வகுப்புக்குச் செல்லவில்லை. இவ்விரண்டு செய்திகளையும் கொண்டு நான் எதையும் மெய்ப்பிக்க முயலவில்லை. என் மகளுக்கு உரிய எடை எது என்பதை அவர்களுடைய கால்கள் சொல்ல மாட்டா.

இருபது வந்த பின்பும் அம்மையார் காரணம் காட்டாமல் “இன்னும் இல்லை” என்பாராயின், நாங்கள் விலகத்தான் செய்வோம். அப்போது அக்கூடத்தின் படியேறி, வணங்கி, முகம் பார்த்துச் சொல்லிவிட்டு விலகுவோம். பேசப் போகிறவன் நான். அருகில் என் மகள் நிற்பாள்.